ஸ்டார்ட்அப் வேலை, தலைமை, நேர்மை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை ஓஎம்ஆரில் மூன்று சின்னக் கம்பெனிகளில் பன்னிரண்டு வருடம், கணக்கையும் எச்.ஆரையும் ஒரே மேசையில் பார்த்தவன் நான். வேலைக்குச் சேரப் போகிற தம்பி தங்கைகளும், புதிதாகக் கம்பெனி ஆரம்பித்த ஒன்றிரண்டு நண்பர்களும் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துப் போனதால் இங்கே எழுதி வைக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் பொதுவான விவரம். உங்கள் விஷயம் கோர்ட் வரை போகும் போலிருந்தால் வக்கீலைப் பாருங்கள்.

அரசியல் நேர்மைக்கும் இருபது பேர் வேலை செய்கிற ஆபீஸுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு இடத்திலும் ஒருத்தர் கையில் ஊரார் பணம் இருக்கிறது. மந்திரி கையில் வரிப் பணம். கம்பெனியைத் தொடங்கிய பவுண்டர் கையில் முதலீட்டாளர் பணம், வாடிக்கையாளர் கொடுத்த அட்வான்ஸ், உங்கள் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். கேட்க ஆள் இல்லாத நேரத்தில் அந்தப் பணத்தை என்ன செய்கிறார் என்பதுதான் இருவருக்கும் பரீட்சை.

நம் கதையும் அதேதான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அரசியல்வாதியைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டு, மாடியேறி வந்து போலி மெடிக்கல் பில் கொடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வரி மிச்சம் பிடிக்க நானே போலி வாடகை ரசீது எழுதிய காலமும் உண்டு. யோக்கியன் வேஷம் போட வரவில்லை.

காமராஜர், கக்கன் காலமெல்லாம் மலையேறிவிட்டது. அதைப் பேசி என்ன பயன்?

அவர்களைச் சாமியாக்கிவிட்டோம் என்பதுதான் சிக்கல். சாமி என்றால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம், அவர்போல நடக்க வேண்டியதில்லை. அதனால் நான் வேறொரு சம்பவத்தைச் சொல்வேன். 1956 நவம்பரில் அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் கவிழ்ந்தது. நூற்று நாற்பது பேருக்கு மேல் செத்துப் போனார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். சில மாதம் முன்பு மகபூப்நகர் விபத்துக்கே ராஜினாமா கொடுத்திருந்தார். அதை நேரு ஏற்கவில்லை. இங்கே ரயில்வே துணை அமைச்சராக இருந்த அழகேசனைப் பார்த்து, 'ஆண்டது போதாதா, மக்கள் மாண்டது போதாதா' என்று திமுக மேடைகளில் முழங்கினார்கள்.

சாஸ்திரி அந்தப் பாலத்தைக் கட்டவில்லை, ரயிலையும் ஓட்டவில்லை. ஆனால் தன் துறையில் நடந்தது தன் கணக்கில் வரும் என்றார்.

இதை ஆபீஸில் வைத்துப் பாருங்கள். ஒரு கம்பெனியில் சர்வர் ஐந்து மணி நேரம் படுத்துவிட்டது. அதற்கு முந்தைய மாதம்தான், 'பேக்கப் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், இப்ப ரிலீஸ் முக்கியம்' என்று சொன்னவர் பவுண்டர். வாடிக்கையாளருக்கு அவர் அனுப்பிய மெயிலில், 'தவறு செய்த ஊழியரை நீக்கிவிட்டோம்' என்று இருந்தது. அந்தப் பையன் அப்போதும் தன் சீட்டில் உட்கார்ந்து, சாப்பிடாமல், அதே சர்வரைச் சரி செய்துகொண்டிருந்தான். மெயிலில் எனக்கும் காப்பி போட்டிருந்ததால் நான் படித்தேன். அவனிடம் அன்று சொல்லவில்லை. அது என் கணக்கு.

ஏதாவது சொதப்பும்போது வெளியே போகிற மெயிலில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தலைமைப் பண்பு பற்றிய பயிற்சி வகுப்பெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

லஞ்சம் கொடுக்காமல் இந்தியாவில் கம்பெனி நடத்த முடியுமா?

முடியும். நேரம் அதிகம் ஆகும். அந்த நேரத்துக்கான செலவை முதலிலேயே திட்டத்தில் போடாதவர்கள்தான் கடைசி வாரத்தில் கவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

வாய்விட்டு யாரும் கேட்பதில்லை என்பது புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. ஒரு அனுமதிக்காக நான் ஒரு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். ஒவ்வொரு முறையும் அவர் ஃபைலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், 'பாத்துக்கலாம் சார், அடுத்த வாரம் வாங்க' என்பார். சிரித்த முகம்தான். ரேட்டைச் சொன்னது வெளியே ஜெராக்ஸ் கடையில் நின்றவர். 'பதினஞ்சு ஆகும், மேலயும் போகணும்ல.' பவுண்டர் கொடுத்துவிடச் சொன்னார். கொடுத்தோம்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். பதினைந்தாயிரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? மூன்றாக உடைத்து, 'போக்குவரத்து', 'ஸ்டேஷனரி', 'இதர செலவு' என்று மூன்று வவுச்சர் போட்டேன். ஒன்றில் ஆபீஸ் பையன் கையெழுத்து வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து, போகாத இடத்துக்கு ஆட்டோ பில் வர ஆரம்பித்தது. யாரைக் கேட்பது? இந்தக் கம்பெனியில் பொய் வவுச்சர் செல்லும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். லஞ்சத்தில் போன பணம் பதினைந்தாயிரம்தான். அதைத் தொடர்ந்து போனதற்குக் கணக்கே கிடையாது.

சட்டமும் மாறியிருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-இல் திருத்தினார்கள். இப்போது கொடுப்பவரும் குற்றவாளி, ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் விசாரணை அமைப்பிடம் புகார் சொல்ல வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிட்டு, பொறி வைப்பதற்காகக் கொடுத்தால் உங்கள் மேல் குற்றம் வராது. 'ரசாயனம் தடவிய நோட்டு' என்று பேப்பரில் படிக்கிறோமே, அதுதான். நோட்டில் பினாப்தலின் பொடி தடவியிருப்பார்கள். வாங்கியவர் கையைச் சோடா கரைசலில் நனைத்தால் தண்ணீர் ரோஸ் கலராக மாறும்.

எல்லோருக்கும் அந்த அளவுக்குத் துணிச்சல் வராது, எனக்கும் வரவில்லை. நடுவே ஒரு வழி உண்டு. விண்ணப்பத்தை ஆன்லைனில் போடுங்கள், ஒப்புகை எண்ணைப் பத்திரமாக வையுங்கள், வாய்மொழியாகச் சொன்ன குறையை எழுத்தில் கேளுங்கள். ஒரு மாதம் அசையவில்லை என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 'என் விண்ணப்பம் எந்த நாளில் யார் மேசையில் இருந்தது' என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கம்பெனி பெயரில் போடாதீர்கள், அந்த உரிமை குடிமகனுக்குத்தான். உங்கள் சொந்தப் பெயரில் போடுங்கள். அடுத்த கம்பெனியில் இப்படித்தான் செய்தேன். பதில் வருவதற்கு முன்பே அனுமதி வந்துவிட்டது. மொத்தம் பதினோரு வாரம் ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்சிக்காரர்கள் நன்கொடை கேட்டு வந்தால்?

மாநாட்டு நிதி என்று ரசீதுப் புத்தகத்தோடு வருவார்கள். பயந்து சாகவும் வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம். கம்பெனிச் சட்டத்தின் 182-ஆம் பிரிவைக் கையில் வைத்திருங்கள். மூன்று நிதியாண்டு முடியாத கம்பெனி எந்தக் கட்சிக்கும் நிதி தரவே கூடாது. முடிந்த கம்பெனி என்றாலும் இயக்குநர் குழுவின் தீர்மானம் வேண்டும், ரொக்கமாகத் தர முடியாது. 'அண்ணே, ஆடிட்டர் சட்டப்படி முடியாதுங்கறார், மாட்டிக்குவோம்' என்று நான் சொல்லியிருக்கிறேன். ஆடிட்டர் என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்கள்.

பெரிய கம்பெனிகளின் கதை வேறு. லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குத் தரக் கூடாது என்ற வரம்பை 2017-இல் நீக்கினார்கள், கூடவே, கட்சிகளுக்கு வங்கி வழியாகப் பணம் தரும் தேர்தல் பத்திரமும் வந்தது. யார் யாருக்குக் கொடுத்தார் என்பது நமக்குத் தெரியாமலே வருடங்கள் ஓடின. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. நஷ்டத்தில் ஓடும் கம்பெனி கட்சிக்கு ஏன் பணம் தர வேண்டும் என்ற கேள்வியை டீக்கடையில் கேட்டாலே பதில் வந்துவிடும்.

சம்பளம் பத்து நாள் தள்ளிப் போகிறது. உடனே வேலையை விட வேண்டுமா?

தள்ளிப் போவது குற்றமில்லை. எப்படிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

முதல் கம்பெனியில் ஒரு மாதம் 28-ஆம் தேதி மாலை பவுண்டர் எல்லோரையும் கூப்பிட்டு, ஒயிட்போர்டில் மூன்று எண் எழுதினார். பேங்கில் இருப்பது 9 லட்சம். சம்பளம் 14 லட்சம். ஒரு வாடிக்கையாளர் தர வேண்டியது 11 லட்சம், 12-ஆம் தேதி வருவதாகச் சொல்லியிருக்கிறார். 'முப்பதாயிரத்துக்குக் கீழ வாங்கறவங்களுக்கு ஒண்ணாம் தேதி போட்டுடறேன். மத்தவங்களுக்குப் பாதி. எனக்கு இந்த மாசம் இல்ல. பணம் வரலைன்னா 13-ஆம் தேதி இதே இடத்துல நின்னு சொல்றேன்.' பணம் 16-ஆம் தேதிதான் வந்தது. 13-ஆம் தேதி அவர் வந்து நின்றார். அந்த வருடம் யாரும் வேலையை விடவில்லை.

இன்னொரு கம்பெனியில் அதே நிலைமை. 'பேங்க் சர்வர் பிரச்சினை' என்று ஒரு வாரம் ஓட்டினார்கள். எட்டாம் நாள் பவுண்டர் கேபினுக்குத் தோல் சோபா வந்து இறங்கியது. லிஃப்டில் நுழையவில்லை, மூன்று பேர் படியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சம்பளம் வராத இரண்டு பேர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருத்தர் அன்று மாலையே ரெஸ்யூமைத் தூசி தட்டினார்.

பி.எஃப். பிடிக்கிறார்கள். கட்டுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள், உங்கள் பணம். பேஸ்லிப்பில் பெரும்பாலும் 1,800 ரூபாய் பிடித்தம் என்று இருக்கும். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்து, அதில் 12 சதவீதம். கம்பெனியும் அதே அளவு போட வேண்டும். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். உங்கள் யூஏஎன் எண்ணை (பி.எஃப். கணக்குக்கான எண்) ஆக்டிவேட் செய்துகொண்டு, அரசின் உமங் ஆப்பில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். மாதா மாதம் பார்க்க வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். வருமான வரிக்கும் இதேபோலத்தான், உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைப் பாருங்கள்.

ஊழியர் பங்கைச் சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது வெறும் தாமதமில்லை, நம்பிக்கை மோசடிக் குற்றம். அவசரச் செலவுக்கு அதைத் தொடுகிற பவுண்டர்கள் 'ரெண்டு மாசத்துல போட்டுடலாம்' என்றுதான் ஆரம்பிப்பார்கள், மனசறிந்து திருடுவதாக அவர்களே நினைப்பதில்லை. முதலில் எச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பி.எஃப். நிறுவனத்தின் குறைதீர் தளத்தில் புகார் போடலாம், ராயப்பேட்டை அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம்.

'நாம எல்லாம் ஒரே குடும்பம்' என்கிறார்களே?

குடும்பத்தில் நோட்டீஸ் பீரியட் கிடையாது. விடுங்கள்.

70 மணி நேரம், 90 மணி நேரம் என்கிறார்கள். ஸ்டார்ட்அப்பில் அப்படி உழைத்தால்தானே மேலே வர முடியும்?

இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்போசிஸ் நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் 90 என்றார், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குக் கூப்பிட முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். ஏலம் மாதிரி ஏறிக்கொண்டே போகிறது.

சொந்தக் கம்பெனிக்கு ஒருத்தர் எத்தனை மணி நேரம் உழைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. கம்பெனி விற்றால் வருகிற பணம் அவருக்கு. பங்கு இல்லாத பையனிடம் அதே மணிக் கணக்கைக் கேட்பதில்தான் நியாயம் இடிக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எழுதிவைத்தது. நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. இருபத்து மூன்று வயதில் விசிட்டிங் கார்டில் 'மேனேஜர்' என்று போட்டுத் தந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

அரசியலும் இதில் உண்டு. 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்று நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். முதலில் கொண்டுவந்ததற்குத் திட்டுங்கள், சரி. எடுத்த முடிவு தப்பு என்று பட்டதும் பின்வாங்கியதற்குக் கொஞ்சம் மார்க் போடலாம் என்பது என் வாதம். ஒரு தப்பான ஃபீச்சரைத் திரும்பப் பெற எங்கள் பவுண்டர் ஒருவருக்கு ஒன்றரை வருடம் ஆனது.

சம்பளத்துக்குப் பதிலாக இசாப் (கம்பெனிப் பங்கைப் பிற்பாடு வாங்கும் உரிமை) தருகிறார்கள். வாங்கலாமா?

ஃப்ரெஷ்வொர்க்ஸைச் சொல்லித்தான் எல்லோரும் ஆசை காட்டுவார்கள். உண்மைதான். 2010-இல் சென்னையில் ஆரம்பித்த அந்தக் கம்பெனி 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனார்கள். அது மாதிரி ஒன்றுக்குப் பின்னால், காகிதமாகவே செத்துப் போன இசாப்கள் எத்தனையோ. என் பீரோவிலேயே ஒன்று இருக்கிறது, 4,000 ஆப்ஷன், அழகான பார்டர் போட்ட லெட்டர்.

'பத்தாயிரம் ஆப்ஷன் தர்றோம்' என்றால் மொத்தம் எத்தனை பங்கு என்று கேளுங்கள். மொத்தம் தெரியாமல் பத்தாயிரத்துக்கு அர்த்தமே இல்லை. சட்டப்படி முதல் ஒரு வருடம் எதுவும் உங்கள் கைக்கு வராது. வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் பணம் கட்டிப் பங்காக மாற்ற வேண்டும், அன்றைய மதிப்புக்கு எவ்வளவு வரி வரும் என்பதையும் கேளுங்கள். விற்க முடியாத பங்குக்கு முன்கூட்டியே வரி கட்டியவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கேள்விகளுக்குப் பவுண்டர் முகம் சுளித்தால், அதுவே பதில்.

முதலீட்டாளருக்கு அனுப்பும் அறிக்கையில் எண்ணைக் 'கொஞ்சம்' ஏற்றச் சொல்கிறார் பவுண்டர். எல்லோரும் செய்வதுதானே?

2009 ஜனவரி 7 அன்று சத்யம் ஐ.டி. கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய ஒப்புதல் கடிதத்தைத் தேடிப் படியுங்கள். ஏழாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கணக்கில் ஏமாற்று. கணக்கில் காட்டிய லாபத்துக்கும் உண்மையான லாபத்துக்கும் ஆரம்பத்தில் சின்ன இடைவெளிதான் இருந்தது, வருடா வருடம் பெரிதாகிவிட்டது என்கிறார். புலி மேல் சவாரி போன்றது, தின்னப்படாமல் இறங்குவது எப்படி என்று தெரியவில்லை என்றும் எழுதினார். நம் பாட்டிமார் சொல்கிற புலிவால் கதைதான். 2015-இல் அவருக்கு ஏழு ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள்.

பெரிய கம்பெனிக்குத்தான் அது என்று நினைக்க வேண்டாம். 2023 ஜனவரியில் கார் சர்வீஸ் ஸ்டார்ட்அப்பான கோமெக்கானிக்கின் பவுண்டர்களில் ஒருவர், நிதிக் கணக்கில் தப்புகள் செய்தோம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதே நேரம் பெரும்பாலான ஊழியர்கள் வேலை இழந்தார்கள். எண்ணை ஏற்றியவர்கள் யாரோ, வீட்டுக்குப் போனவர்கள் சாதாரண ஊழியர்கள். 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்பு என்று கொண்டாடப்பட்ட ஆன்லைன் கல்விக் கம்பெனி பைஜூஸில், கணக்கு மாதக்கணக்கில் வராமல் கிடந்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். 2023 ஜூனில் ஆடிட்டர் டெலாய்ட்டும் இயக்குநர் குழுவில் இருந்த முதலீட்டாளர் பிரதிநிதிகள் மூவரும் விலகினார்கள். கணக்கு தாமதமாகிற கம்பெனியில் எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்கும், தொழில் பழக்கம்.

உங்களைச் செய்யச் சொன்னால், 'எப்படிப் போடணும்னு மெயில்ல சொல்லிடுங்க சார்' என்று பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் மெயில் வராது. வேலையும் நடக்காது.

எங்கள் பவுண்டர் தங்கமான மனுஷர். ஆனால் அவரை எதிர்த்து யாரும் பேச முடியாது.

தங்கமான மனுஷர்களைக் கெடுப்பதே சுற்றி நிற்கும் ஆமாம்சாமிகள்தான். கட்சியில் தலைவர் படத்தைச் சட்டைப் பையில் தெரியும்படி வைத்துக்கொண்டு திரிகிறவர்களைக் கேலி செய்கிறோம், பவுண்டர் போடும் லிங்க்ட்இன் பதிவுக்கு முதல் ஐந்து நிமிடத்தில் கைதட்டுகிறவர்களும் அதே ஜாதி. இடித்துச் சொல்ல ஒருத்தர் வேண்டும். வயதில் மூத்த அக்கவுண்டன்ட், முதல் ஊழியர், பவுண்டரின் மனைவி, யாராக இருந்தாலும் சரி. அப்படி ஒருத்தர் இருக்கிறாரா, அவர் பேசிய பிறகும் கம்பெனியில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

பெண் பிள்ளையை இப்படிச் சின்னக் கம்பெனிக்கு அனுப்பலாமா?

இதைக் கேட்பது பெரும்பாலும் அப்பாக்கள். பத்து பேர் இருந்தாலே, பாலியல் புகார்களை விசாரிக்கும் உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம். குழுவில் யார் யார் என்று உங்கள் மகளே நேர்காணலில் கேட்கட்டும். 'இங்க அந்த மாதிரி பிரச்சினையே இல்லைம்மா' என்று பதில் வந்தால், குழுவும் இல்லை என்று அர்த்தம்.

சேருவதற்கு முன் ஒரு கம்பெனியை எப்படி எடை போடுவது?

கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் இயக்குநர்கள் யார், கடைசியாக எப்போது கணக்கு தாக்கல் செய்தார்கள் என்பது இலவசமாகவே தெரியும். நூறு ரூபாய் கட்டினால் தாக்கல் செய்த ஆவணங்களையே பார்க்கலாம். இரண்டு வருடமாகத் தாக்கல் இல்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். ஏற்கெனவே வேலையை விட்டுப் போனவர் ஒருவரைப் பிடித்து, கடைசி மாதச் சம்பளமும் ரிலீவிங் லெட்டரும் எத்தனை நாளில் வந்தன என்று விசாரியுங்கள்.

நேர்காணலுக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய், கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணனிடமும் பேச்சுக் கொடுங்கள். அவருக்குச் சம்பளம் ஏஜென்சி மூலமாக வருகிறது. பணம் இறுகும்போது கம்பெனி முதலில் நிறுத்தி வைக்கிற பில் அந்த ஏஜென்சியுடையதுதான். எத்தனையோ முறை நானே நிறுத்தி வைத்திருக்கிறேன். 'ஒண்ணாம் தேதி ஆனா கரெக்டா வந்துரும் தம்பி' என்று அவர் சொன்னால், மேலே போங்கள்.